கிள்ளிப் பார்த்தால் தெரியும்

மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தியபோதுதான் பார்த்தேன். பின்சீட்டில் தன் கார் சீட்டுக்குள் உட்கார்ந்திருந்த தங்கை மகள், தோள் பெல்ட்டுக்கு அடியில் ஒரு பிஸ்கட்டைச் செருகி, எடுத்து, மறுபடி செருகி விளையாடிக்கொண்டிருந்தாள். பிஸ்கட் போனது, பின்னாலேயே கையும் மணிக்கட்டு வரை போனது. இரண்டரை வயது, 12 கிலோ. கோவையில் அவளை ஏற்றி உட்காரவைத்துப் பக்கிளைப் பூட்டியவன் நான். ‘டக்’கென்று சத்தம் கேட்டது, கதவைச் சாத்தினேன், ஊட்டிக்குக் கிளம்பிவிட்டோம்.

பூட்டு விழுந்தது என்பதை மட்டும்தான் அந்த ‘டக்’ சொல்லும். பிள்ளை கட்டுக்குள் இருக்கிறாளா என்று தெரிய விரலால் கிள்ளிப் பார்க்க வேண்டும். காறை எலும்புக்கு நேராக, தோளின்மேல் ஓடும் வாரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளுங்கள். குறுக்காக அல்ல, நீளவாக்கில். ஒரு விரல் மேலே, ஒரு விரல் கீழே. விரல்கள் வழுக்கிக்கொண்டு வெறுமனே ஒன்றோடொன்று சேர்ந்தால் சரி. நாடா மடிப்பாக எழுந்து விரலுக்குள் வந்தால் தொய்வு இருக்கிறது. அன்றைக்கு எனக்கு வந்தது மடிப்புகூட இல்லை. ஒரு பிடி.

இழுத்து இறுக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பதறினாள். “புள்ளைக்கு மூச்சு முட்டாதாப்பா? கொஞ்சம் தளத்தி விடு.”

உலகத்தில் எத்தனை மொழிகளில் இதே வாக்கியம் சொல்லப்படுகிறதோ தெரியாது. சொல்பவருக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லாமல் இல்லை, பாசத்தினால்தான் சொல்கிறார். அதனால்தான் மறுத்துப் பேசுவது கடினம். டீக்கடையில் நான் பேசவில்லை. இங்கே கணக்காகப் போட்டுக்காட்டுகிறேன்.

மணிக்கு 48 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெரிய வேகமில்லை, அவிநாசி சாலையில் யாரும் இதை வேகம் என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் குழந்தை இருக்கைகளைச் சறுக்குவண்டியில் வைத்து மோதவிட்டுச் சோதிப்பது ஏறக்குறைய இந்த வேகத்தில்தான். ஐரோப்பிய விதியில் 50. விநாடிக்கு 13.3 மீட்டர். வண்டி எதிலோ மோதி பத்தில் ஒரு விநாடியில் நிற்கிறது. அதற்குள் முன்பகுதி நசுங்கி, வண்டி சுமார் 67 சென்டிமீட்டர் முன்னே போய்விடும். வேகத்தை இழக்கும் வீதம் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல் பதின்மூன்றரை மடங்கு. 12 கிலோ பிள்ளையைப் பிடித்து நிறுத்த 160 கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தாங்கும் பிடி வேண்டும். இதுவும் சராசரிதான், உச்சம் இன்னும் அதிகம்.

இந்த 67 சென்டிமீட்டர்தான் பிள்ளையின் சொத்து. கார் கம்பெனிக்காரர்கள் பானெட்டை நசுங்கும்படி வடிவமைப்பதே இந்தத் தூரத்தைச் சம்பாதிக்கத்தான். நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் கூடக்கூட, உடம்பில் விழும் விசை குறையும். ஆனால் வண்டியோடு பிணைந்திருப்பவருக்கு மட்டும்தான் இந்தச் சொத்தில் பங்கு உண்டு.

இப்போது உடம்புக்கும் வாருக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் தொய்வு விடுவோம். ஒரு பிஸ்கட்டும் சின்னக் கையும் நுழையும் இடம். வண்டி நிற்கத் தொடங்குகிறது, பிள்ளை நிற்கவில்லை. அதே 48-இல் போய்க்கொண்டிருக்கிறாள். வாரைத் தொட அவளுக்கு 27 மில்லி விநாடி ஆகிறது. இமை கொட்டும் நேரத்தில் கால்வாசிகூட இல்லை. அதற்குள் வண்டி தன் 67-இல் 31 சென்டிமீட்டரைச் செலவழித்துவிட்டது. பிள்ளையின் பங்கில் கிட்டத்தட்டப் பாதி அவள் தொடுவதற்கு முன்பே கரைந்துபோயிற்று. வார் அவளைப் பிடிக்கும் அந்தக் கணத்தில் இருவருக்கும் இடையே வேக வித்தியாசம் மணிக்கு 13 கிலோமீட்டர். அதாவது, முதல் மோதலுக்குள் இன்னொரு மோதல்.

தாளில் போட்ட கணக்கு இது. நிஜத்தில் வேகம் இப்படிச் சீராகக் குறையாது, நாடாவும் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். ஆனாலும் கணக்கு போகும் திசை மாறாது. பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுத்தவர்களுக்கு இது கையில் பட்ட அனுபவம்: கயிறு தொய்ந்து கிடந்து சட்டென்று விறைத்தால் அறும், விறைப்பாகவே இருந்து மெல்ல இழுத்தால் அதே கயிறு ஊர்வரை கொண்டுவந்து சேர்க்கும். கயிற்றின் இடத்தில் பிள்ளையின் கழுத்தை வைத்துப் பார்க்க மனம் கூசுகிறது. ஆனால் அறிவியல் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறது. பச்சிளங் குழந்தையின் தலை, உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கு ஏழில், எட்டில் ஒரு பங்கு. அந்தப் பாரத்தைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இன்னும் முழுக்க எலும்பாகவில்லை, பாதி குருத்து. தசைநார்களும் இளகல். மோதும்போது தலை எவ்வளவு முன்னே போகிறது என்பதைச் சோதனைக்கூடத்தில் அளப்பதும் அதனால்தான். பழைய ஐரோப்பிய விதியில், இருக்கையின் முதுகும் அடியும் சேரும் இடத்திலிருந்து 55 சென்டிமீட்டரைத் தலை தாண்டக் கூடாது. தொய்வு ஒவ்வொரு சென்டிமீட்டராக இந்த எல்லையைத் தின்னும்.

“என் மடியில வெச்சுக்கறேன், விடு” என்பது அடுத்த வாக்கியம். அதையும் அம்மா சொன்னாள். அவளைக் குறை சொல்ல முடியாது, ஒரு மாநிலச் சட்டமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. குழந்தைகளுக்குக் கார் சீட் கட்டாயம் என்று அமெரிக்காவில் முதலில் சட்டம் போட்ட மாநிலம் டென்னசி. 1978 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்காக விடாமல் அலைந்தவர் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர். சட்டத்தை நிறைவேற்றியவர்கள் அதில் ஒரு விலக்கையும் சேர்த்துவிட்டார்கள்: பெரியவர் கையில் வைத்திருந்தால் சீட் வேண்டாம். குழந்தையை நசுக்கும் திருத்தம் என்று அதற்குப் பட்டப்பெயரே விழுந்தது. 1981-இல் நீக்கினார்கள். நசுக்கும் என்ற சொல் மிகையில்லை. 160 கிலோவை எந்தத் தாயின் கையும் பிடித்து வைக்காது. பிடி விட்ட பிறகு, பெல்ட் போடாத தாயின் எடையும் பிள்ளையின் பின்னால் வந்து விழும்.

இருக்கைக்குள் இருக்கும் கட்டுக்கு ஐந்து முனைகள்: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று. பந்தயக்கார் ஓட்டுபவரும் போர்விமானியும் கட்டிக்கொள்ளும் கட்டுக்கு இது உறவு. விசை எங்கே விழ வேண்டும் என்பதுதான் இதன் முழு யோசனையும். எலும்பில் விழலாம், வயிற்றில் விழக் கூடாது. சிறு பிள்ளைக்குக் கல்லீரலும் மண்ணீரலும் உடம்பின் அளவுக்குப் பெரியவை, விலா எலும்புக் கூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை. ஆகவே இடுப்புவார் தொப்புளில் அல்ல, தொடை தொடங்கும் இடத்தில், இடுப்பெலும்பின்மேல் தாழ்வாகக் கிடக்க வேண்டும். நடுவாரின் வேலை, உடம்பு அடிவழியாக வழுக்கிப் போகாமல் இடுப்புவாரைக் கீழேயே பிடித்து வைப்பது. “நடுவில் அது உறுத்துது” என்று அதைப் போடாமல் விடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் மற்ற நான்கும் மேலே ஏறி வயிற்றை அறுக்கும்.

தோள்வார் முதுகுப்பக்கத்துத் துளையிலிருந்து எந்த உயரத்தில் வெளியே வருகிறது என்பது அடுத்தது. இதைத்தான் பெரும்பாலோர் வாங்கிய நாளில் ஒருமுறை பொருத்திவிட்டு மறந்துவிடுகிறார்கள்; பிள்ளை வளர்ந்துகொண்டே போகும், துளை அங்கேயே நிற்கும். விதி குழப்பமாகத் தோன்றும்: பின்நோக்கிய இருக்கை என்றால் வார் தோள்மட்டத்தில் அல்லது அதற்குக் கீழே இருந்து வரவேண்டும், முன்நோக்கிய இருக்கை என்றால் தோள்மட்டத்தில் அல்லது மேலே. மனப்பாடம் செய்ய வேண்டாம், மோதலை மனசில் ஓட்டினால் போதும். பின்நோக்கி இருக்கும் குழந்தை முன்மோதலில் இருக்கையின் முதுகில் அழுந்தி, தலைப்பக்கமாக மேலே வழுக்கப் பார்க்கும். கீழேயிருந்து வரும் வார் தோளைப் பிடித்துக் கீழே நிறுத்தும். முன்நோக்கி இருக்கும் பிள்ளை முன்னால் பாயும். வார் தோளுக்குக் கீழே தொடங்கினால், அது முதுகில் ஏறித் தோளைச் சுற்றி இறங்க வேண்டியிருக்கும். இழுக்கும்போது தோளைக் கீழ்நோக்கி அமுக்கி முதுகெலும்பை ஒடுக்கும், சுற்றிய நீளமும் தொய்வாகிவிடும்.

பின்நோக்கி உட்காருவதே சிறு பிள்ளைக்கு நல்லது என்பதைக் கண்டுபிடித்த கதை ஒன்று உண்டு. ஸ்வீடன்காரரான பெர்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவப் பேராசிரியர், ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்தபடி உந்துவிசையைத் தாங்குவதற்கான இருக்கைகளைத் தொலைக்காட்சியில் பார்த்தார். விசை முதுகு முழுக்கப் பரவுகிறது, ஓரிடத்தில் குத்துவதில்லை. 1964-இல் வால்வோ வண்டியில் முதல் மாதிரி இருக்கையைச் சோதித்துவிட்டார். ஸ்வீடனில் நாலு வயது வரைக்கும் பின்நோக்கி உட்காரவைக்கிறார்கள். எங்கள் பாப்பாவையும் இன்னும் கொஞ்ச நாள் அப்படியே வைத்திருக்கலாம் என்பது என் கட்சி. தங்கை வீட்டில் எடுபடவில்லை. “முகம் தெரியலண்ணா” என்கிறாள். சரி, முன்நோக்கி என்றால் வாராவது ஒழுங்காக இருக்கட்டும்.

தொய்வு ஒளிந்துகொள்ளும் இடம் தோள் அல்ல, இடுப்பு. இறுக்கும் நாடாவை முன்னால் இழுக்கிறோம், தோளில் விறைக்கிறது, முடிந்தது என்று விடுகிறோம். ஆனால் பக்கிளுக்குள் நுழையும் நாக்குத் துண்டு வழியாகத்தான் இடுப்புவாரும் தோள்வாரும் ஒரே நாடாவாக ஓடுகின்றன. அந்த வளைவில் உராய்வு இருப்பதால் இடுப்புப்பக்கத்துத் தொய்வு தானாக மேலே வராது. லாரியில் மூட்டைகளுக்குக் கயிறு கட்டுபவரைக் கவனித்தால் தெரியும். கடைசி முனையை மட்டும் அவர் இழுப்பதில்லை. முதலில் அடிக்கயிற்றை இழுத்து, மூட்டையை ஒரு உதை உதைத்து உட்காரவைத்து, வந்த தொய்வை மேலே தள்ளிக்கொண்டே போய், கடைசியில்தான் முடிச்சு. இங்கும் அதே வரிசைதான். பிள்ளையின் புட்டம் இருக்கையின் மூலையைத் தொடும்படி நன்றாகப் பின்னால் தள்ளி உட்காரவையுங்கள். பக்கிளைப் பூட்டுங்கள். இரண்டு இடுப்புப்பக்கமும் வாரைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தால் தொய்வு தோளுக்கு வந்து சேரும். அப்புறம் முன்நாடாவை இழுங்கள். பிறகு கிள்ளுங்கள். சில ஐரோப்பியக் கையேடுகள் கிள்ளுவதற்குப் பதில், வாருக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல் தட்டையாக நுழைய வேண்டும் என்று சொல்லும். உங்கள் இருக்கையின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம்.

முறுக்கையும் பார்க்க வேண்டும். அமெரிக்க விதிப்படி பிள்ளையின் உடம்பில் படும் நாடா குறைந்தது 38 மில்லிமீட்டர் அகலம் இருக்கவேண்டும். அகலம் அழகுக்கு இல்லை. அதே விசை அகலத்தில் பரவினால் அழுத்தம், முறுக்கிக் கயிறாகிவிட்டால் வெட்டு.

ஊட்டிப் பயணத்துக்குத் திரும்புகிறேன். குன்னூரில் குளிர ஆரம்பித்ததும் பாப்பாவுக்குப் பஞ்சு வைத்த ஜெர்கினை மாட்டினார்கள். மாட்டி, சீட்டில் வைத்து, வாரை இறுக்கினோம். கிள்ளிப் பார்த்தேன், வழுக்கியது. எல்லாம் சரி. ஆனாலும் சந்தேகம் விடவில்லை. இறுக்கத்தைத் தொடாமல் பக்கிளை மட்டும் கழற்றி, ஜெர்கினை உருவிவிட்டு, அதே அளவில் மறுபடி பூட்டினேன். நாடா தோளிலிருந்து தொளதொளவென்று எழுந்து நின்றது. மூன்று விரலைச் சுலபமாக நுழைக்கலாம். நான் இறுக்கியது பிள்ளையை இல்லை, ஜெர்கினுக்குள் அடைத்த காற்றை. மோதும் விசை அந்தப் பஞ்சைக் கண்ணிமைக்கும் முன் அப்பளமாக்கிவிடும், மிச்சம் தொய்வுதான். டொரண்டோவில், ஆஸ்லோவில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களுக்கு இது வருஷத்தில் ஆறு மாதப் பிரச்சினை. அங்கே செய்வது எளிமையானது: மெல்லிய உடையோடு கட்டிவிட்டு, வாருக்கு மேலே போர்வையைப் போர்த்துவது. நாங்களும் அம்மாவின் சால்வையைப் போர்த்தினோம். பட்டுப்பாவாடைக்கும் இதே கதைதான். கல்யாணத்துக்குப் போகும் வழியில் கொசுவிய துணி இடுப்புவாருக்கு அடியில் சுருண்டு கிடந்தால், வார் எலும்பைத் தொடவே தொடாது. பாவாடையை வாருக்கு மேலே விரித்து விடலாம்.

யூடியூபில் பார்த்துவிட்டு “எங்க சீட்ல மார்பு கிளிப்பே இல்லையே, கம்பெனி ஏமாத்திட்டானா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. ஏமாற்றவில்லை. அமெரிக்க இருக்கைகளில் இரண்டு தோள்வார்களையும் சேர்த்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். அது அக்குள் மட்டத்தில் நிற்க வேண்டும். வயிற்றுக்கு இறங்கினால் தோள்வார்கள் விலகி வழுக்கும், கழுத்துக்கு ஏறினால் தொண்டையில் குத்தும். ஐரோப்பிய விதிப்படியான இருக்கைகளில், ஒரே அழுத்தில் பிள்ளையை விடுவிக்க முடிய வேண்டும் என்ற நிபந்தனையால், பொதுவாக இது கிடையாது. நம் கடைகளில் விற்பவை பெரும்பாலும் அந்த ஐரோப்பிய வழியைச் சேர்ந்தவை. இல்லாத கிளிப்பைத் தனியாக வாங்கி மாட்டுவதுதான் ஆபத்து. அந்த இருக்கை அந்தக் கிளிப்போடு சோதிக்கப்பட்டதில்லை. தோளில் மாட்டும் பஞ்சுறை, கழுத்துத் தலையணை, முதுகுக்குப் பின்னால் வைக்கும் மெத்தை என்று தனியாக விற்கும் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான் என்பேன்.

பக்கிளுக்குள் பிஸ்கட் தூள் சேரும். சேர்ந்தால் நாக்கு முழுசாக இறங்காமலே பூட்டியதுபோல் இருக்கும். கவிழ்த்துத் தட்டி, ஊதி, கையேடு அனுமதித்தால் தண்ணீரில் கழுவிக் காயவைக்கலாம். எண்ணெய் விடக் கூடாது. நாடாவை வாஷிங் மெஷினில் போடக் கூடாது, பிளீச் ஆகவே ஆகாது. பாலியெஸ்டர் இழைகள் பார்க்க அப்படியே இருக்கும், பலம் போயிருக்கும். வெயிலில் நிறுத்திய வண்டியில் பக்கிளின் உலோகத்தை முதலில் நீங்கள் தொட்டுப் பாருங்கள். சித்திரை மாதத்தில் தொடையில் சூடு போட்டுவிடும். சூடு பட்ட பிள்ளை அடுத்த தடவை சீட்டைப் பார்த்தாலே விறைத்துக்கொண்டு வளையும், வளைகிற பிள்ளைக்கு வாரை இறுக்குவது யாராலும் ஆகாது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டால், அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்கு இது: கார் விபத்தில் உயிர்போகும் ஆபத்தைக் குழந்தை இருக்கை, ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 71 சதவீதமும், ஒன்று முதல் நான்கு வயதுக்காரர்களுக்கு 54 சதவீதமும் குறைக்கிறது. அதே நிர்வாகத்தின் 2011-ஆம் ஆண்டு ஆய்வில், பார்த்த இருக்கைகளில் 46 சதவீதம் ஏதோ ஒரு விதத்தில் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தன. நம் ஊரில் 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. வார் தொய்ந்திருக்கிறதா என்று எந்தப் போலீஸ்காரரும் கிள்ளிப் பார்க்கப்போவதில்லை. பாரத் என்கேப் மோதல் சோதனையில் கார்கள் வாங்கும் குழந்தைப் பாதுகாப்பு நட்சத்திரங்களும் அப்படித்தான். பதினெட்டு மாதக் குழந்தையும் மூன்று வயதுக் குழந்தையுமான இரண்டு பொம்மைகளை ஒழுங்காக இருக்கையில் கட்டி, மணிக்கு 64 கிலோமீட்டரில் மோதவிட்டுப் பெற்ற மதிப்பெண் அது. பொம்மைக்கு ஜெர்கின் போட்டு, பாட்டி சொல்லித் தளர்த்திவிட்டு மோதவிடுவதில்லை.

திரும்பி வரும்போது கோத்தகிரி வழியாக இறங்கினோம். இந்தத் தடவை அம்மா என்னை முந்திக்கொண்டாள். பாப்பாவைப் பின்னால் தள்ளி உட்காரவைத்தாள், இடுப்பில் இரண்டு பக்கமும் வாரை மேலே உருவினாள், முன்நாடாவை இழுத்தாள், கிள்ளிப் பார்த்துவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தாள். பாப்பா பாட்டியின் ரவிக்கைத் தோளைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கத்தில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, உன் பெல்ட்?”

“எனக்கெதுக்குப்பா? நான் பின்னாடிதான உக்காந்திருக்கேன்.”

அம்மாவின் எடை 58 கிலோ. இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பி, மறுபடி முதலிலிருந்து கணக்கைச் சொல்லத் தொடங்கினேன்.